வெள்ளிக்கிழமை நான் கொட்டிய சூப்

போன மாதம் எங்கள் சங்கத்து மலருக்கு எழுதித் தரச் சொல்லி மதுராவும் கீர்த்தியும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் நல்ல வேலையில் இருக்கிற பிள்ளைகள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை வெளியில் சாப்பிடப் போகிறவர்கள்.

“அன்ரி, நீங்கள் பதின்மூண்டு வருசம் இத்தாலியன் கிச்சினிலை நிண்டனீங்கள். நாங்கள் போனால் பிட்சாவும் அந்தக் கிரீம் பாஸ்தாவும்தான் எடுக்கிறம். வேறை என்ன எடுக்கலாம் எண்டு எழுதித் தாங்கோவன்” என்று மதுரா கேட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் வேண்டும். ஆனால் கேட்டது எனக்குத் தெரிந்த விசயம். தெரிந்ததைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆறுதலாக, அவசரமில்லாமல்தான் எழுதுகிறேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில். மெனுவில் ஃபரினாத்தா என்று கண்டால் விடாதீர்கள். அது வேறொன்றுமில்லை, எங்கள் கடலை மாதான். தண்ணீரில் கரைத்து நாலு மணித்தியாலம் வைத்து, மேலே வருகிற நுரையை வழித்துவிட்டு, ஒலிவ் எண்ணெயும் உப்பும் கலந்து, அகலமான தட்டில் மெல்லிசாக ஊற்றிக் கடும் சூட்டுப் போறணை அடுப்பில் வைப்பது. கரை மொறுமொறுப்பாகவும் நடு மெதுவாகவும் வரவேண்டும். மிளகை அப்போதுதான் இடித்துத் தூவவேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

பாகற்காய் விருப்பமென்றால், காது வடிவில் இருக்கிற ஒரேக்கியேத்தே என்ற பாஸ்தாவைக் கைப்புக் கீரை போட்டதாகக் கேளுங்கள். கீரையையும் பாஸ்தாவையும் ஒரே தண்ணீரில் அவிப்பார்கள். உள்ளிப் பூண்டும் காய்ந்த செத்தல் மிளகாயும் எண்ணெயில் வாடினால் போதும், வேறு சோஸ் வேண்டாம். மீன் சாப்பிடுகிறவர்கள் சார்தே இன் சாவோர் எடுக்கலாம். எங்கள் சூடை மீன் மாதிரி ஒரு மீனைப் பொரித்து, நிறைய வெங்காயத்தை வினாகிரியில் வதக்கி, முந்திரிகை வற்றல் என்கிற காய்ந்த திராட்சையும் போட்டு மூடி வைப்பார்கள். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும். இதைப் பொரித்த அன்றைக்கே சாப்பிடக்கூடாது, இரண்டு நாள் ஊறவேண்டும். ஊறவேண்டும் என்பதை நான் விளங்கிக்கொண்டது பிந்தித்தான். அதற்கு விலையாக ஒரு பெரிய பானை சூப்பைக் குப்பையில் கொட்டினேன். அந்தச் சூப்பின் பெயர் ரிபொல்லித்தா. மலரில் வேறெதையும் போட இடமில்லாவிட்டால் இதை மட்டும் போடுங்கள்.

நான் எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்தேன். அப்போது வயது நாற்பது தாண்டிவிட்டது. புல்ஹாமில் ஒரு இத்தாலியன் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவ ஆள் தேவை என்றார்கள். விம்பிள்டனில் வீட்டுக்குக் கிட்ட ரியூப் ரயில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம் என்பதற்காகத்தான் அந்த வேலையை எடுத்தேன். இரண்டு வருசம் சிங்கில் நின்றேன். பிறகு சலாட் கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன், பிறகு பாஸ்தா அவித்தேன். அதற்குள் ஆறு வருசம் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேலைக்கு வரமாட்டேன், எனக்கு விரதம், கோயில் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர்களும் சரி என்றார்கள். என் வாழ்க்கையில் நான் வாயால் கேட்டு வாங்கிய ஒரே சலுகை அதுதான். பிறகு பார்த்தால், நான் விட்ட பிழையின் வேரும் அதற்குள்தான் கிடந்தது.

அங்கே தலைமைச் சமையற்காரர் பியேரோ. ஃபுளோரன்சுக்குக் கிட்ட ஒரு மலை ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் கண்டதே இல்லை. மற்றக் கடைகளில் செஃப்மார் சட்டியை எறிவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் சட்டைப் பையில் ஒரு கரண்டி வைத்திருப்பார். நாங்கள் செய்ததை அந்தக் கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பார். பிறகு கரண்டியைப் பானை விளிம்பில் தட்டுவார். இரண்டு தட்டுத் தட்டினால் சாப்பாடு வெளியே போகலாம். ஒரு தட்டென்றால் திரும்பச் செய்யவேண்டும். ஏன் என்று சொல்லமாட்டார். நாங்களே கண்டுபிடிக்கவேண்டும். ஒருநாள் ஒரு கீரைக்கு நாலு முறை ஒரு தட்டு வாங்கினேன். ஐந்தாம் முறை, கீரையைப் பிழியாமல் போடுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்கு இரண்டு தட்டுக் கேட்டபோது என் கலியாண மேளம் கேட்டது போல இருந்தது.

என்னை அவர் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவார். அம்மணி என்கிற மாதிரி. சிங்கில் நின்ற காலத்திலும் அப்படித்தான். பானைகளில் நாளைக் குறித்து ஒட்டுகிற வழக்கம் அங்கே உண்டு. எனக்கு இங்கிலிஷ் எழுத வராது. அதனால் வியாழனுக்கு ‘வி’, சனிக்கு ‘ச’ என்று தமிழில் எழுதுவேன். முதலாளி லிடியா அம்மா அதைக் கண்டு முகம் சுளித்தபோது, பியேரோ ஏழு நாளுக்குமான எழுத்தையும் என்னைக் கொண்டு ஒரு அட்டையில் எழுதுவித்துச் சுவரில் ஒட்டினார். ஒரு கிழமையில் அவரே பானைகளில் ‘வி’ எழுதத் தொடங்கிவிட்டார். சுழியை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுழிப்பார்.

எங்களோடு இன்னுமொருவர் இருந்தார். சிவபாலன் அண்ணை. ஊரில் தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம். இங்கே எனக்குப் பிறகு சிங்குக்கு வந்தவர். எனக்கு வருகிற இங்கிலிஷ் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் அவர்தான், என்னை நக்கலடிப்பதும் அவர்தான்.

அந்தப் பனிக்காலம் பியேரோவின் கண்ணில் ஒப்பரேஷன் செய்ய நாள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், அவர் அடுப்புக்குக் கிட்ட வரக்கூடாது. யார் அடுப்பில் நிற்பது? பியேரோ என்னைக் காட்டினார். லிடியா அம்மாவுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. ஏஜென்சியில் ஆள் எடுக்கலாம் என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் நடத்தவேண்டும். அது சரியாகப் போனால் இரண்டு கிழமையும் அடுப்பு என்னுடையது, பியேரோ வந்த பிறகும் அவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம். பிழையாகப் போனால் ஏஜென்சி ஆள் வருவார், நான் திரும்பச் சிங்குக்குப் போகவேண்டும். ஆறு வருசத்தில் முதல் தடவையாக ஒரு வெள்ளிக்கிழமை வர ஒத்துக்கொண்டேன். பிள்ளையாரிடம் வியாழன் காலையே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பியேரோ தன் சூப்பை வைத்தார். அவர் வைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதல் நாள் இரவே ஊறிய வெள்ளை அவரையை அவித்து, அதில் பாதியை மசித்துக்கொள்வார். வெங்காயம், கரட், செலறி மூன்றையும் பொடியாக வெட்டி, எண்ணெயில் அரை மணித்தியாலம் அவசரமில்லாமல் வதக்குவார். பிறகு முட்டைக்கோவா, உருளைக்கிழங்கு, கொஞ்சத் தக்காளிப்பழம். கறுப்பு இலைக் கோவா கிடைத்தால் அதுவும். இறைச்சி ஒரு துண்டும் கிடையாது. அன்று மத்தியானம் அதைச் சூப்பாகக் கொடுப்பார்கள். மிச்சத்தில் காய்ந்த பாண் ரொட்டித் துண்டுகளை அடுக்கி மூடி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று நான் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை நான்தான் வருவதில்லையே. வேலையாட்கள் சாப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

போகும்போது பியேரோ என்னிடம் சொன்னார். நாங்கள் இருவரும் பேசியது அரைகுறை இங்கிலிஷ். அதை என் பேச்சிலேயே எழுதுகிறேன். “சிஞ்ஞோரா, நாளைக்குக் குயிடோ ஒரு மணிக்கு வருவார். இந்தப் பானையை மெதுவாச் சூடாக்கிக் குடுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ.”

குயிடோவை எல்லாருக்கும் தெரியும். மண்டபங்களுக்கும் கோயில்களுக்கும் மார்பிள் துண்டு பதித்துத் தரை போடுகிற வேலை பார்த்தவர். மனைவி இல்லை. வெள்ளிதோறும் யன்னலோர மேசையில் சாப்பிடுவார். சனிக்கிழமை பின்னேர விமானத்தில் லண்டனை விட்டே போகிறார், ஊரில் தமக்கை வீட்டில் இருக்கப் போகிறார் என்று கதைத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளிதான் அவருக்குக் கடைசி வெள்ளி.

எனக்குப் பியேரோ சொன்னது நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. விளங்கித்தான் மீறினேன்.

வெள்ளி காலை பானையைத் திறந்தேன். பாண் ஊதிக் கரைந்து எல்லாம் ஒரே களியாகக் கிடந்தது. அகப்பையை நட்டால் நிற்கும். வயது போன மனிதர், கடைசிச் சாப்பாடு என்று வருகிறார். அவருக்குப் பழசா? நேற்றையதைச் சூடாக்கி வைக்கிற வீடு என்ன வீடு? எங்கள் வீட்டிலும் பழங்கறி உண்டு. அதை நாங்கள்தான் சாப்பிடுவோம். வாசலுக்கு வந்தவருக்கு அடுப்பை மூட்டிப் புதிதாக ஆக்குவோம். இது ஒன்று. மற்றது என் பெருமை. வேறொன்றும் செய்யாதே என்றாரே, பழையதைச் சூடாக்க மட்டும்தானா நான் லாயக்கு என்று மனதுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

பானையைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

சிவபாலன் அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். “தங்கச்சி, மனிசன் சூடாக்கத்தானே சொன்னவர்?”

“வாற ஆளுக்குப் பழசு குடுக்க எனக்கு ஏலாது அண்ணை.”

“அப்ப சரி. சிங்கிலை எனக்குப் பக்கத்திலை இடம் துடைச்சு வைக்கிறன்” என்றார்.

சனிக்கிழமைக்கென்று ஊறப்போட்டிருந்த அவரையை எடுத்தேன். அரை மணித்தியாலம் வதக்கினேன், பாதியை மசித்தேன், ஒன்றையும் குறைக்கவில்லை. பன்னிரண்டரைக்குச் சூப் தயார். வெள்ளிக்கிழமையிலும் நான் ருசி பார்க்கக்கூடிய சூப் அது. நல்ல ருசி. இரண்டு தட்டுக்குரிய சூப் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு மணிக்குக் கோப்பை வெளியே போனது. ஐந்து நிமிடத்தில் அப்படியே திரும்பி வந்தது. ஒரு கரண்டி மட்டும் குறைந்திருந்தது. பின்னாலேயே லிடியா அம்மா வந்தார். நேற்றைய பானை எங்கே என்று கேட்டார். நான் குப்பைத் தொட்டியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிபொல்லித்தா என்றால் திரும்பக் கொதித்தது என்று அர்த்தம், ஒரு இரவு கிடந்தால்தான் அது அது, இத்தனை வருசமாகக் குயிடோ வெள்ளிதோறும் வருவதே அதற்காகத்தான் என்றார். சத்தம் போடவில்லை. நாளைக்கு ஏஜென்சியைக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை போனது ஒரு பக்கம். அந்த மனிதரின் கடைசி வெள்ளியை நான் கெடுத்தேனே, அது மற்றப் பக்கம். கிச்சினுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் தள்ளித் திறக்கிற கதவு ஒன்று இருக்கிறது. ஆறு வருசத்தில் ஆட்கள் இருக்கும்போது நான் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. அன்றைக்கு ஏப்ரனோடேயே தாண்டினேன்.

குயிடோ பாணைப் பிய்த்துக்கொண்டு இருந்தார். நான் முன்னால் போய் நின்று, “அந்தச் சூப்பைக் கொட்டினது நான்தான். பியேரோவிலை பிழை இல்லை” என்றேன்.

“ஏன் கொட்டினனீங்கள்?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. அறிய விரும்பிக் கேட்டார்.

“எங்கடை ஆக்கள் விருந்தாளிக்கு நேற்றையது குடுக்கமாட்டம்.”

மார்பிள் தூள் ஏறித் தடித்த விரல்கள் அவருக்கு. அந்த விரல்களால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“என்ரை அம்மாவும் குடுக்கமாட்டா. விருந்தாளி வந்தால் கோழி அடிப்பா. அந்தச் சூப் எங்களுக்குத்தான், வீட்டு ஆக்களுக்கு. நான் இஞ்சை வாறதே அதுக்குத்தான் சிஞ்ஞோரா. முப்பது வருசமா இந்த ஊரிலை நான் விருந்தாளியா இல்லாத இடம் இந்த ஒரு மேசைதான்.”

நான் மரியாதை என்று நினைத்துச் செய்தது, அந்த மனிதரை வாசலில் நிறுத்திவிட்டது.

“இண்டைக்கு வைச்ச சூப் மிச்சம் இருக்கோ?” என்று கேட்டார்.

“ஓம். ஒரு பானை நிறைய.”

“அப்ப நாளைக்கு அது நேற்றையது. பதினொரு மணிக்கு வாறன். விமானம் பின்னேரம்தான்.”

கிச்சினுக்கு வந்து காய்ந்த பாணை அடுக்கி, சூப்பை ஊற்றி மூடினேன். பானையில் ‘வெ’ என்று எழுதி ஒட்டினேன். அந்த எழுத்தை அங்கே ஒரு பானைக்கு நான் முதல் முதல் எழுதியது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை ஏஜென்சி ஆள் வந்துவிட்டார். ஒருவரும் சொல்லாமலே நான் சிங்குக்குப் போனேன். சிவபாலன் அண்ணை உண்மையிலேயே இடம் துடைத்து வைத்திருந்தார், ஆனால் நக்கலடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

பத்தேமுக்காலுக்குப் பின் கதவு திறந்தது. பியேரோ. ஒரு கண்ணில் பெரிய வெள்ளைக் கட்டு. குயிடோவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். யார் யாரை நடத்திக்கொண்டு வந்தார்கள் என்று தெரியவில்லை. குயிடோ முதல் நாளே ரெலிபோனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். லிடியா அம்மா யன்னலோர மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்து வைத்திருந்தார். குயிடோ அதைப் பார்த்துவிட்டு, விரிப்பு விருந்தாளிக்கு என்று சொல்லி, கிச்சினுக்குள் மரக்கறி வெட்டுகிற இரும்பு மேசையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏஜென்சி ஆள் பானைக்குக் கை நீட்டினார். பியேரோ வேண்டாம் என்று தலையை ஆட்டி, என்னைப் பார்த்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பானையைச் சின்ன நெருப்பில் வைத்தேன். அடி பிடிக்காமல், களியைக் குலைக்காமல், கரையிலிருந்து மெல்ல மெல்லப் புரட்டினேன். இருபது நிமிடம் கழித்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தேன். நேற்று ஒவ்வொன்றாகத் தெரிந்த ருசி எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தது. அவரை எது, பாண் எது என்று பிரிக்க ஏலாது. நான் நேற்று நல்லதென்று நினைத்த சூப் பாதி சூப்தான் என்று வாயில் வைத்தபோதுதான் விளங்கியது.

பியேரோ பையிலிருந்து கரண்டியை எடுத்தார். ஒரு கண்ணால் பார்த்ததால் கை பானைக்குள் போகாமல் பக்கத்தில் போனது. நான் பானையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்தார்.

ஒரு தட்டு.



அவர் எட்டி, எண்ணெய்ப் போத்தலை எடுத்துப் பச்சை ஒலிவ் எண்ணெயை மேலே ஒரு சுற்று ஊற்றினார். திரும்ப ஒரு வாய். இரண்டு தட்டு. ஏன் என்று சொல்லாத மனிதர், என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் ஏன் என்று காட்டினார்.

குயிடோ இரண்டு கோப்பை சாப்பிட்டார். லிடியா அம்மா வந்து, நின்றபடியே ஒரு கோப்பை சாப்பிட்டார். சிவபாலன் அண்ணை தனக்கும் ஊற்றிக்கொண்டு, “கஞ்சிக்கு நல்ல உடுப்புப் போட்டு விட்டிருக்கிறாங்கள்” என்றார். போகும்போது குயிடோ என் இரண்டு கையையும் பிடித்தார். “இனி அக்கா வீட்டிலை எனக்குக் கோழிதான் அடிப்பினம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

லிடியா அம்மா ஏஜென்சி ஆளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை ஷிப்ட் பேப்பரில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று சிவபாலன் அண்ணையை வாசிக்கச் சொன்னேன். “அடுப்பு” என்றார். நான் ஓய்வு எடுக்கிற வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் போகத் தொடங்கினேன். கோயிலுக்குப் பின்னேரம் போனேன். பிள்ளையார் ஒன்றும் குறை சொல்லவில்லை.

ஆகவே பிள்ளைகளே, இந்தச் சூப்பை மெனுவில் கண்டால், எப்போது வைத்தது என்று கேளுங்கள். இன்றைக்கு வைத்தது என்று பெருமையாகச் சொன்னால் வேறு எதையாவது எடுங்கள்.

இன்னுமொன்று. மதுராவும் கீர்த்தியும் வந்த அன்று மத்தியானமாகிவிட்டது. புட்டு அவித்து, முதல் நாள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கி வைத்தேன். கீர்த்தி கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, “அன்ரி, இது நேற்றையதோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. அப்போது விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன். கீர்த்தி, வாசித்துப் பார். அடுத்த முறை நீ வரும்போது நான் புதிதாகச் சமைத்து வைத்திருந்தால், அப்போது முகத்தை வாடவிடு.